கவிதையும் படமும் ஒரே விஷயத்தைச் சொன்னால் என்ன செய்வது? (சேர்ந்து புத்தகம் செய்தவர்கள் சொல்லுங்கள்)

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர், மஞ்சக்குப்பம். கவிதை எழுதுகிறேன், சிற்றிதழ்களில் அவ்வப்போது வரும். என் தோழி ஓவியர், வில்லியனூரில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். பதினைந்து வருடப் பழக்கம். போன வருடம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் செய்யலாம் என்று ஆரம்பித்தோம், என்னுடைய பதினான்கு கவிதை, அவளுடைய பதினான்கு படம், முதலில் புதுச்சேரியில் ஒரு சின்னக் கண்காட்சி, அப்புறம் அறுபது பிரதி மட்டும் கையால் செய்த புத்தகம் என்று திட்டம்.

கவிதைகள் எல்லாமே தானே புயலைச் சுற்றியவை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை அது நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது நான் பண்ருட்டிப் பக்கம் ஆயா வீட்டில் இருந்தேன். பலாவும் முந்திரியும் ஊர் ஊராகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் கவிதை இப்படித் தொடங்கும்:

மரம் தானே விழுந்தது என்று
எழுதிக்கொண்டு போனார் கணக்கெடுக்க வந்தவர்.
தானேயில் விழுந்தது என்றாள் ஆயா.
இரண்டும் ஒன்றுதானே என்றார் அவர்.

இதற்குப் பிறகு இன்னும் ஒன்பது வரி, வேர் மேலே பார்த்துக் கிடந்தது, குழியில் மழைத்தண்ணீர், எறும்புகள், குழிப்பக்கத்தில் ஆயா குந்தியிருந்தது என்று போகும். எழுதி முடித்து, பலமுறை திருத்தி, தட்டச்சு செய்து அவளிடம் கொடுத்தேன். ஒரு மாதத்தில் படம் வந்தது. சாய்ந்த பலா மரம், வேர் மேலே, பக்கத்தில் ஒரு கிழவி. நல்ல படம், சத்தியமாக நல்ல படம், மண்ணின் சிவப்பை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பிரச்சினை என்னவென்றால், ஐந்து கவிதையும் ஐந்து படமும் முடிந்ததும் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் வைத்து இருபது பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், கவிதையில் இரண்டு வரி படித்தார்கள், "ஓ, இதுவா" என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். ஒருவர்கூட ஐந்தாவது வரியைத் தாண்டவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவளிடம் "நீ எல்லாத்தையும் வரைஞ்சிட்ட, நான் எழுதினதுக்கு வேலை இல்லாம போச்சு" என்று சொல்லிவிட்டேன். அவள், "எல்லாத்தையும் நீயே சொல்லி முடிச்சுட்டுக் கொடுத்தா நான் வேற என்னடி செய்யறது, நான் உன் கவிதைக்குப் பாடநூல் படம் போடறவளா" என்றாள். இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை.

இந்தப் புத்தகம் எனக்கு வேண்டும். அவளும் எனக்கு வேண்டும். கவிஞரும் ஓவியரும் சேர்ந்து வேலை செய்து, ஒருவரை ஒருவர் விழுங்காமல் எதையாவது முடித்தவர்கள் இங்கே இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.


மைக்கறை எழுதியது:

தங்கச்சி, உன் தோழி சொன்னதுதான் சரி. கோபித்துக்கொள்ளாதே, முப்பது வருடமாக லினோ பலகையிலும் மரத்திலும் படம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுக்கிற வேலை செய்துகொண்டிருக்கிறேன், முத்தியால்பேட்டையில் என் வீட்டுத் திண்ணைதான் பட்டறை, கவிஞர்கள் பலர் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முடிந்த கவிதையைக் கொண்டுவந்து "படம் போடு" என்று கொடுப்பவர்களோடு செய்தது எதுவும் நிற்கவில்லை. முடிந்த கவிதை என்பது கதவைச் சாத்திவிட்ட வீடு. ஓவியர் வெளியே நின்று சுவரைத்தான் வரைய முடியும்.

ஒன்று சொல்கிறேன். எனக்கு ஒரு கவிஞர் நண்பர் இருந்தார், இப்போது இல்லை. கடற்கரைச் சாலையில் இருக்கிற பழைய கலங்கரை விளக்கத்தைப் பற்றி அவரும் நானும் சேர்ந்து ஒரு தாள் செய்தோம், ஒரே தாள்தான், படமும் எழுத்தும் ஒரே லினோ பலகையில். 1836ல் ஏற்றிய விளக்கு அது, எங்கள் காலத்தில் வெறும் கோபுரமாக நின்றது. அவர் கவிதை எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று நாள் சாயங்காலம் என்னோடு வந்து அங்கே உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான் கோபுரத்தை வெட்டவில்லை. ஒரு வீட்டின் மாடிப்படி, முழுக் கறுப்பு, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வரி சொன்னார்: "வெளிச்சம் இல்லாத விளக்கு."

லினோவில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும், தெரியும்தானே. வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாகப் போக வேண்டும். தமிழ் எழுத்து அகலம், கொம்பும் சுழியும் இடம் கேட்கும். பலகையை வெயிலில் வைத்து இளக்கிக்கொண்டு வெட்டினேன், 'இல்லாத' முடிந்தபோது இடது ஓரம் வந்துவிட்டது. 'விளக்கு' என்ற சொல்லுக்கு இடமில்லை. புதுப் பலகை எடுக்கலாம் என்று நினைத்து, சோதனைக்கு ஒரு பிரதி மட்டும் எடுத்தேன், கரண்டியின் முதுகால் தேய்த்துத்தான் எடுப்பேன், என்னிடம் அழுத்து இயந்திரம் கிடையாது. மை காயாத தாளை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "போதும். மிச்சத்தை உன் படி சொல்லுது" என்றார். அந்தச் சொல்லை அவர் விட்டார். 'வெளிச்சம் இல்லாத' என்று முடியாமல் நிற்கிறது வரி, கண் தானாகப் படிக்கட்டில் ஏறுகிறது. இன்றைக்கும் என் வேலையில் எனக்குப் பிடித்த தாள் அதுதான்.

சேர்ந்து செய்வது என்று நான் சொல்வது இதை. படம் வந்த பிறகு கவிதை மாற வேண்டும். கவிதை வந்த பிறகு படமும் மாற வேண்டும். உன் கவிதை மாறத் தயாராக இருந்ததா? பலமுறை திருத்தி, தட்டச்சு செய்து கொடுத்தேன் என்கிறாய். அப்போதே முடிந்துபோனது.

ஓவியர் ஆதிமூலம் எழுத்தாளர் கி.ரா.வுக்கு (கி. ராஜநாராயணன்) வரைந்ததைத் தேடிப் பார். கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது போட்ட கோட்டோவியங்கள். உரைநடைதான், ஆனாலும் உனக்குப் பாடம் அதில் இருக்கிறது. கி.ரா.வின் பேச்சில் இருக்கிற அந்தச் சொரசொரப்பு ஆதிமூலத்தின் கோட்டில் இருக்கும். கதையில் நடந்ததைக் கோடு திருப்பிச் சொல்லாது, கதை சொல்கிற குரலைப் பிடிக்கும். (கி.ரா. 2021ல் இறக்கும்வரை நம் லாசுப்பேட்டையில்தான் இருந்தார், அவரைப் போய்ப் பார்த்து வந்த பாக்கியம் எனக்கு உண்டு.)

இப்போது செய்ய வேண்டியது, அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். அப்புறம் இரண்டு பேரும் ஆயா வீட்டுக்குப் போங்கள். நீ எழுதாதே, அவள் வரையட்டும், அல்லது அவள் வரையாமல் நீ எழுது. மரம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்து, படத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் உன் கவிதையிலிருந்து எடுத்துவிடு. அந்த ஒன்பது வரி தேவையா என்று அப்போது உனக்கே தெரியும்.


பாடலீசுவரர்_வீதி எழுதியது:

அம்மா, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், திருப்பாதிரிப்புலியூர். மேலே எழுதிய நண்பர் சொன்னதை முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன், கால்வாசி இல்லை.

முதலில் ஒன்று. நம் மொழியில் ஓவியத்தையும் 'எழுதினார்கள்'. வரைதலும் எழுதுதலும் இரண்டு வேலை என்ற எண்ணம் பழைய தமிழுக்கு அவ்வளவாகக் கிடையாது. பரிபாடல் பத்தொன்பதாம் பாட்டில் திருப்பரங்குன்றத்துக்கு வருகிற கூட்டம் சுவரில் இருக்கிற ஓவியங்களைச் சுட்டிக்காட்டி, இவள் அகலிகை, இவன் கௌதமன், இப்படித்தான் கல்லானாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போகும். அந்த இடத்துக்குப் பெயரே எழுத்துநிலை மண்டபம். பாட்டில் படம், படத்துக்குள் கதை, கதையை வாய்விட்டுச் சொல்லும் மக்கள். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளிடம் கேட்பேன், இதில் கவிஞன் யார், ஓவியன் யார், சுட்டிக்காட்டுகிற ஆள் யார் என்று. உங்கள் கண்காட்சிக்கு வந்த இருபது பேர் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள் என்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பரங்குன்றத்தில் அவர்கள் பேசினார்கள்.

அப்புறம் சித்திரகவி, பாட்டின் எழுத்துகளை ஒரு படத்தின் கட்டங்களுக்குள் அடைத்துக் கட்டுவது. இன்றைக்கு அதை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்குகிறோம், எனக்கு அதில் உடன்பாடில்லை. தேர்போல் அடுக்கும் ரத பந்தம், முரச பந்தம் எல்லாம் இருக்கட்டும், நீங்கள் நாக பந்தத்தை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு பாம்பு பின்னிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு பாம்பின் உடம்பிலும் ஒரு பாட்டு ஓடும். இரண்டும் குறுக்கிடும் கட்டத்தில் இருக்கிற எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொது. மற்ற இடமெல்லாம் அது அது தன் வழியில் போகும். எந்த எழுத்து பொதுவாக வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரியாமல் ஒருவரும் அதைக் கட்ட முடியாது. நீங்களும் உங்கள் தோழியும் கவிதைக்குக் கவிதை அந்தக் குறுக்குக் கட்டங்களை மட்டும் பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரு நிறமோ ஒரு சொல்லோ ஒரு பொருளோ. மிச்சத்தில் அவரவர் வழி.

நான் ஒப்புக்கொள்ளாத கால்வாசி இது. படமும் எழுத்தும் ஒன்றையே சொல்லக்கூடாது என்று சட்டம் போட முடியாது. பாரதி 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்கள் போட்டார், தமிழில் அதற்கு அவர்தான் முன்னோடி. 1908ல் இதழ் புதுச்சேரிக்கு வந்த பின்னும், 1910ல் நிற்கும்வரை படங்கள் வந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்து 1994ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதைப் புரட்டினால் தெரியும், படத்துக்குக் கீழே அதன் பொருளைப் பாரதி வரிவரியாக விளக்கியிருப்பார். இந்த மாடு யார், அந்த மனிதன் யார் என்று எல்லாம் இருக்கும். ஏன்? அவருக்கு ஒரு வாசகன்கூடத் தப்பிப்போகக் கூடாது. அங்கே படம் எழுத்தைத் திருப்பிச் சொன்னது பிழையில்லை, அதுதான் வேலை. படங்களுக்கென்றே 'சித்திராவளி' என்று ஒரு பத்திரிகை நடத்தவும் ஆசைப்பட்டார், நடக்கவில்லை. ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் அவர் இருந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த வராத பத்திரிகை என் நினைவுக்கு வரும்.

ஆகவே உங்கள் புத்தகம் யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். புயலில் மரம் இழந்த ஊர்க்காரர்களுக்கு என்றால், மரத்தை வரையத்தான் வேண்டும், அவர்கள் அதைத் தேடுவார்கள்.


தூரிகைக்காரி எழுதியது:

அக்கா, ஐயா சொன்னதும் அண்ணன் சொன்னதும் சரி. நான் வேறு ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகத்தின் அட்டையில் உங்கள் தோழியின் பெயர் எங்கே இருக்கும்?

நான் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் படித்தவள். படித்து முடித்த வருடத்திலேயே ஒரு கவிதைத் தொகுப்புக்குப் பதினெட்டுப் படம் வரைந்தேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். புத்தகம் வந்தபோது என் பெயர் உள்ளே உரிமைப் பக்கத்தில், விலைக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் 'உள் ஓவியங்கள்' என்று இருந்தது. மூன்று படத்தை வெட்டியிருந்தார்கள். ஒரு படத்தில் நான் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட வானத்தில் கவிதையைக் கொண்டுவந்து அச்சிட்டிருந்தார்கள், இடம் வீணாகிறதாம். அந்த வானத்தை வெறுமையாக வைக்க எனக்கு நான்கு நாள் ஆனது. வெளியீட்டு விழாவில் ஏழு பேர் பேசினார்கள், ஒருவர்கூடப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

அதனால் உங்கள் தோழி "பாடநூல் படம் போடறவளா" என்று கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுகிறது. இது கலைப் பிரச்சினை மட்டும் இல்லை. நீங்கள் கவிஞர், அவள் உதவிக்கு வந்தவள் என்று எங்கோ ஓர் இடத்தில் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், நான் அடிபட்டபிறகு படித்தது. 1957ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் கவிதைக்கு உரிமை உங்களுக்கு, அவள் படத்துக்கு உரிமை அவளுக்கு, இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிவதால் கூட்டுப் படைப்பு என்று ஆகாது. ஆனால் நீங்கள் காசு கொடுத்து 'எனக்கு வரைந்து கொடு' என்று கேட்டு வாங்கியிருந்தால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில் அந்த ஓவியத்தின் உரிமை முதலிலேயே காசு கொடுத்தவருக்குப் போய்விடும். ஓவியர்கள் பலருக்கு இது தெரியாது. உரிமையை மாற்றிக் கொடுத்தால் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 வருடம், எங்கே என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கண்காட்சியில் படத்தை ஒருவர் வாங்கினாலும் அவருக்குக் கிடைப்பது சுவரில் மாட்டிய அந்த ஒரு படம்தான், அதை அச்சடிக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும், விட்டுக் கொடுத்தால் தவிர. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு இருக்கும்போதே போட வேண்டிய கையெழுத்து இது.

பணமும் அப்படித்தான். புத்தகத்தில் வருவது பாதிப்பாதி என்று வைத்துக்கொள்ளலாம், அசல் ஓவியம் விற்றால் அது அவளுக்கு மட்டும். காட்சிக்கூடம் விற்பனையில் பங்கு எடுக்கும், மூன்றில் ஒன்றோ அதற்கு மேலோ, முன்னாடியே கேட்டுவிடுங்கள். அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவில், நடுவில் 'ஓவியம்:' என்ற சொல் இல்லாமல். யார் எதைச் செய்தார்கள் என்பது புத்தகத்தைத் திறந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. எழுத்தையே படமாகப் பார்க்க உங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவேண்டும். 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், அதற்கு முன்னாலேயே, 1963ல் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை வரையத் தொடங்கியிருந்தார். மலையாள எழுத்துபோல் இருக்கும், ஜாதகக் கட்டம்போல் இருக்கும், வாசிக்கப் போனால் ஒன்றும் வாசிக்க வராது. வாசிக்க வராத எழுத்தின் முன்னால் நிற்கும்போது கண்ணுக்கு வேறு ஒரு வேலை கிடைக்கிறது. உங்கள் கவிதையில் 'தானே' மூன்று விதமாக வருகிறதே அக்கா, அதைத் தட்டச்சில் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் தோழி கையால் எழுதினால் மூன்றும் மூன்று 'தானே' ஆகும். அவளை எழுதச் சொல்லுங்கள்.


துய்ப்ளே_மாலை எழுதியது:

தூரிகைக்காரி சொன்ன கடைசி விஷயத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே பிரெஞ்சு படித்தபோது எங்கள் ஆசிரியை ஒரு புத்தகத்தின் நகலை வகுப்பின் ஒரு சுவரில் பிரித்துக் காட்டினார். பிளேஸ் சாந்த்ரார் என்ற கவிஞரும் சோனியா தெலோனே என்ற ஓவியரும் 1913ல் செய்தது. சைபீரிய ரயில் பயணத்தைப் பற்றிய நீளக் கவிதை. விசிறிபோல் மடித்தது, பிரித்தால் இரண்டு மீட்டர் நீளம். நூற்றைம்பது பிரதி போட நினைத்தார்களாம், எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிரித்து நிறுத்தினால் ஈபிள் கோபுரத்தின் உயரம் வரும் என்ற கணக்கில். அத்தனை பிரதி முடிக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. வலது பக்கம் கவிதை ஓடும், இடது பக்கம் வண்ணம் ஓடும், மேலிருந்து கீழே, இரண்டும் கூடவே. படத்தில் ரயில் இல்லை, பனி இல்லை, ஒரு பயணியும் இல்லை. வளைவளைவாக வண்ணம்தான். கடைசியில், கவிதை பாரிசுக்கு வந்து சேரும் இடத்தில் மட்டும் அடியில் சின்னதாக ஒரு சிவப்பு ஈபிள் கோபுரம். இரண்டு மீட்டர் நடந்து வந்ததற்கு அந்த ஓர் இடத்தில்தான் படமும் சொல்லும் கைகோர்க்கும். ஐயா சொன்ன நாக பந்தக் கட்டம்போல.

பதினான்கு தனித்தனிப் படம் என்று ஏன் பிரிக்க வேண்டும்? விசிறி மடிப்பில் ஒரே நீளத் தாளாகச் செய்யலாமே.


காலாப்பட்டு_காற்று எழுதியது:

கையால் செய்த காகிதம் என்றால் எங்கே வாங்குவீர்கள், அதில் அச்சு சரியாக விழுமா? நானும் ஒரு கவிதை நூலுக்கு யோசிக்கிறேன், கேட்டுக்கொள்கிறேன்.


மைக்கறை எழுதியது:

காலாப்பட்டுத் தம்பிக்கு. நம் ஊரிலேயே ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலை இருக்கிறதே, பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்வது, மரக்கூழ் கிடையாது, அதனால் சீக்கிரம் மஞ்சளிக்காது. நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கு. லினோவும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் அதில் அழகாக உட்காரும், ரொம்ப மெல்லிய கோடு மட்டும் காகிதத்தின் மேடுபள்ளத்தில் உடைந்துபோகும். கடல்காற்று பட்டால் தாள் சுருளும், வாங்கி வந்த உடனே அச்சடிக்காதே, அடிக்கிற அறையிலேயே பலகைக்கு அடியில் ஓரிரு நாள் வை. விசிறி மடிப்புக்குத் தடித்த தாள் வேண்டாம், மடிக்கிற இடத்தில் வெடிக்கும். மடிப்பதற்கு முன்னால் எலும்புக் கத்தியாலோ வெண்கலக் கரண்டிக் காம்பாலோ ஒரு கோடு அழுத்திக்கொள்.

துய்ப்ளே மாலை சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கச்சி, போனாயா இல்லையா?


கெடிலக்கரை எழுதியது:

அண்ணா, ஐயா, தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத்தான் எழுத முடிந்தது.

முதலில் வில்லியனூருக்குப் போனேன். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். தூரிகைக்காரியின் பதிலை முழுவதும் அவளுக்குப் படித்துக் காட்டினேன், வெறுமையாக விட்ட வானத்தைப் பற்றிய இடத்தில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து காப்பி கொடுத்தாள். அன்றைக்கே ஒரு பக்கத் தாளில் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், பெயர் ஒரே அளவு, பாதிப்பாதி, அசல் அவளுக்கு. எனக்கும் மனசு லேசானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயா வீட்டுக்குப் போனோம். மரம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. குழி என்றைக்கோ தூர்ந்துவிட்டது, மேலே கொத்தமல்லி காய வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம், வரைய எதுவும் இல்லை, எழுதவும் எதுவும் இல்லை. ஆயா சாப்பிடக் கூப்பிட்டாள். பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள், கத்தியில் எண்ணெய் தடவி, கால் கட்டைவிரலால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. என் தோழி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயா, இது என்ன மரம்?" என்று கேட்டாள். விழுந்த பலாவை அறுத்து நிலை, சன்னல் எல்லாம் செய்தது போக மிஞ்சிய துண்டாம். பதினைந்து வயதிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அது தெரியாது.

சாப்பிட்ட பிறகு அதைக் கழுவி வெயிலில் வைத்தோம். பால் ஊறிக் கறுத்த இடம் போகவில்லை. காய்ந்ததும் அவள் மெல்லிய வெண்ணெய்த்தாளை அதன் மேல் விரித்து, மெழுகுக் கரியைப் படுக்கை வாட்டில் வைத்துத் தேய்த்தாள். முதலில் மரத்தின் வரி வந்தது, ஆற்றில் தண்ணீர் சுழித்துப் போவதுபோல் நீளநீளமாக. அதற்குக் குறுக்கே கத்தி வெட்டுகள் வெள்ளை வெள்ளையாக வந்தன, நூற்றுக்கணக்கில். பத்துப் பன்னிரண்டு பருவத்து வெட்டு. வேறு மரங்களின் பழத்தை இந்த மரத்தின் மேல் வைத்து அறுத்தது. நான் பேசவே இல்லை. அந்தத் தாளில் மரம் எங்கேயும் இல்லை, ஆயாவும் இல்லை, வேர் இல்லை, குழி இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஒன்பது வரியையும் அடித்தேன். அண்ணன் சொன்னது சரியாக இருந்தது, ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. நான்கு வரி மட்டும் நிற்கிறது. அவள் கையால் எழுதுகிறாள், முதல் 'தானே' கணக்கெழுதுகிற கை மாதிரி சாய்ந்து, இரண்டாவது பெரிதாக, மூன்றாவது எப்படி என்று இன்னும் முடிவாகவில்லை, ஐந்தாறு விதம் எழுதிப் பார்த்துவிட்டாள். ஐயா, நீங்கள் கேட்ட குறுக்குக் கட்டம் எங்களுக்கு அந்தப் பலகைதான். விழுந்த மரத்தின் பழைய ஓவியத்தை நாங்கள் விடவில்லை. நீங்கள் ஊர்க்காரர்களைப் பற்றிச் சொன்னதற்காக அதை விசிறியின் கடைசி மடிப்பில் மட்டும் சின்னதாக வைக்கப்போகிறோம்.

மற்றக் கவிதைகளில் நான்கைந்து அப்படியே போய்விடும்போல் இருக்கிறது. அதற்குப் பதிலாக அவள் முதலில் எடுக்கிற தேய்ப்புகளைப் பார்த்துவிட்டு நான் எழுதப் போகிறேன். நிலைக்கதவு ஒன்று, சன்னல் பலகை இரண்டு இருக்கிறது, முந்திரிக் கட்டையும் பக்கத்து வீட்டில் ஒன்று கிடக்கிறதாம்.

கிளம்பும்போது ஆயாவிடம் தாளைக் காட்டினோம். வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தள்ளி வைத்து, கிட்டே வைத்துப் பார்த்தாள். படம் எப்படி இருக்கிறது என்று என் தோழி கேட்டாள். "இது வடக்கால நின்ன மரம். கெழக்கால நின்னது இவ்வளோ நெருக்கமா வரி ஓடாது" என்றாள். வடக்கே நின்றது என்று நாங்கள் அவளிடம் சொல்லவே இல்லை, எங்களுக்கே தெரியாது.

அடுத்த ஞாயிறு நிலைக்கதவைத் தேய்க்கப் போகிறோம். அண்ணா, கதவு ஆறடிக்கு மேல் வருகிறது, அவ்வளவு நீளத்துக்கு வெண்ணெய்த்தாள் சுருளாகப் புதுச்சேரியில் எங்கே கிடைக்கும்?